குறைந்த ஷாட், நிறைந்த கோல்: ஐஸ் ஹாக்கி கேள்வி-பதில்

எங்கள் அணி முதல் 20 ஆட்டங்களில் ஆட்டத்துக்கு 25 ஷாட் மட்டுமே அடித்து, மொத்தம் 63 கோல் போட்டிருக்கிறது. இது நீடிக்குமா?

இதே வேகத்தில் நீடிக்காது. 500 ஷாட்டில் 63 கோல் என்றால் ஷூட்டிங் சதவீதம் 12.6; வட அமெரிக்காவின் முதன்மை லீகான என்.எச்.எல். சராசரியோ ஏறத்தாழ 10. சராசரித் திறனுள்ள ஓர் அணி 500 ஷாட் அடித்தால் 50 கோல் வர வேண்டும் என்றாலும், தற்செயலின் ஆட்டத்தால் அது 37-க்கும் 63-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கக்கூடும். 32 அணிகள் ஆடும் லீகில் ஏதோ ஓர் அணி அந்த மேல் விளிம்பைத் தொடுவதில் வியப்பில்லை; இம்முறை அது உங்கள் அணி. ஓரளவு திறமைக்கும் இடம் கொடுத்து, இனி ஆட்டத்துக்கு இரண்டரைக் கோலுக்குச் சற்று மேல் எதிர்பாருங்கள். சதவீதம் சராசரியை நோக்கித் திரும்பும் என்பதற்குப் பொருள், வரும் ஆட்டங்கள் சராசரியை ஒட்டி அமையும் என்பதுதான். கூடுதலாகப் போட்ட கோல்களுக்கு வட்டியோடு கடன் தீர்க்க வேண்டும் என்பதல்ல. போட்ட கோல் போட்டதுதான்.

பி.டி.ஓ. என்பது எதன் சுருக்கம்?

எதன் சுருக்கமும் அல்ல. ஓர் அணியின் ஷூட்டிங் சதவீதத்தையும் அதன் கோல்கீப்பர் ஷாட்களைத் தடுக்கும் சதவீதத்தையும் கூட்டிப் பார்க்கும் அந்தக் கணக்கை முன்வைத்த பிரையன் கிங் இணையத்தில் வைத்துக்கொண்டிருந்த புனைபெயர் அது.

எங்கள் அணியின் ஷூட்டிங் சதவீதம் 15. இருந்தும் விமர்சகர்கள் நம்ப மறுப்பது ஏன்?

எத்தனை ஆட்டங்களில் என்று நீங்கள் எழுதவில்லை. ஐந்துக்கு ஐந்து ஆட்டத்திலா, எதிரணி வீரர் தண்டனை பெற்று வெளியே இருக்கும் பவர் பிளேயும் சேர்த்தா என்றும் எழுதவில்லை. ஐந்துக்கு ஐந்தில் வழக்கமான சதவீதம் 8 அல்லது 9. பவர் பிளேயில் 13, 14 வரை போகும். கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்ட காலி வலைக்குள் போன கோல்களையும் கூட்டினால் எண் மேலும் உப்பிவிடும். எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கிய எண்ணை வைத்துக்கொண்டு விமர்சகர்களைக் குறை சொல்லக் கூடாது. அடுத்த முறை ஆட்ட எண்ணிக்கையோடு எழுதுங்கள். அது 20-க்குக் குறைவு என்றால் எழுதவே வேண்டாம்.

எங்கள் பயிற்சியாளர் கண்ட இடத்திலிருந்தெல்லாம் பக்கை (ரப்பர் வட்டை) அடிக்க விடுவதில்லை. தரமான வாய்ப்புக்குக் காத்திருக்கச் சொல்கிறார். ஷாட் குறைவது திட்டம், கோல் மிகுவது அதன் பலன். இதை அதிர்ஷ்டம் என்பது அநியாயமல்லவா?

அணியின் பெயரை மட்டும் மாற்றி இந்த வாதம் ஆண்டுதோறும் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. கோல் மழை பொழியும் மாதத்தில்தான் இந்தத் திட்டம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. கோல் வறண்ட மாதத்தில் அதே பயிற்சியாளர் பக்கை எப்படியாவது வலைப்பக்கம் அடியுங்கள் என்று கத்துவதை யாரும் குறித்து வைப்பதில்லை.

வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வலைக்குத் தொலைவிலுள்ள நீலக்கோட்டிலிருந்து வரும் ஷாட்டைவிட வலைக்கு நேர் முன்னாலிருந்து வரும் ஷாட் பல மடங்கு ஆபத்தானது. குறுக்கே வந்த பாஸை வாங்கி, கோல்கீப்பர் இடம் மாறுவதற்குள் அடிப்பது அதைவிட ஆபத்தானது. ஆனால் அந்த இடத்தை எதிரணியும் அறியும். அங்கே அடிக்கடி போய்ச் சேரும் அணிகள் பெரும்பாலும் பக்கைக் கூடுதல் நேரம் வைத்திருக்கும் அணிகளே என்பதால், அவற்றின் ஷாட் எண்ணிக்கையும் உயர்ந்தே இருக்கும். பல சீசன்களைச் சேர்த்துப் பார்த்தால் அணிகளுக்கிடையே ஷூட்டிங் சதவீத வேறுபாடு ஒன்றிரண்டு புள்ளிகளுக்குள் சுருங்கிவிடுகிறது.

டொராண்டோ அணி 2012-13-இல், 48 ஆட்டங்களாகச் சுருங்கிய சீசனில், எதிரணியைவிடக் குறைவாக ஷாட் அடித்து, லீகின் உயர்ந்த ஷூட்டிங் சதவீதங்களில் ஒன்றோடு பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. அப்போதும் இதே விளக்கம்தான் சொல்லப்பட்டது. அடுத்த சீசனில் ஆட்டத்துக்குச் சுமார் 28 ஷாட் அடித்து, 36-ஐ விட்டுக்கொடுத்து, மார்ச் நடுப்பகுதி வரை தாக்குப்பிடித்து, கடைசி 14 ஆட்டங்களில் 12-ஐத் தோற்று வெளியேறியது. கோல்கீப்பர் பெர்னியேவின் காயமும் ஒரு காரணம்தான்; ஆனால் ஒரு கோல்கீப்பரின் உடல்நிலையை மட்டுமே நம்பி நிற்கும் அணியை யார் கட்டச் சொன்னார்கள்? கொலராடோ 2013-14-இல் 112 புள்ளி எடுத்தது; பேட்ரிக் ருவா சிறந்த பயிற்சியாளர் விருதும் பெற்றார்; எதிரணிகள் அடித்த ஷாட்களே அப்போதும் அதிகம். மறுசீசனில் 90 புள்ளியோடு பிளேஆஃபைத் தவறவிட்டது.

வாய்ப்பின் தரத்தை அளக்க வழியில்லாமல் இல்லை. ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, எப்படி வந்தது என்று பார்த்துக் கணக்கிடும் எதிர்பார்ப்புக் கோல் உங்கள் அணிக்கு உயர்ந்திருந்தால் நானே தொப்பியைக் கழற்றுகிறேன். கோல் விழுந்ததைக் காட்டி வாய்ப்பு தரமானது என்று மட்டும் நிரூபிக்க வராதீர்கள்.

முன்னிலை பெற்ற அணி ஷாட்டைக் குறைப்பது இயல்புதானே?

சரியான கேள்வி. முன்னிலையில் உள்ள அணி பின்வாங்கித் தற்காக்கிறது. துரத்தும் அணி கண்டபடி அடிக்கிறது, முன்னிலை அணிக்கு எதிர்த்தாக்குதலில் நல்ல வாய்ப்புகள் கிடைக்கின்றன. ஆகவே கோல் சமநிலையில் இருக்கும் நேரத்து ஷாட்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். அங்கும் பின்தங்கியிருந்தால் இந்தச் சமாதானம் எடுபடாது.

ஒரு முழு சீசனும் நீடித்தால் அது திறமைதானே?

82 ஆட்டங்களும் அதிர்ஷ்டம் கூடவே வந்த அணிகள் உண்டு. வான்கூவர் 2023-24-இல் மிக உயர்ந்த ஷூட்டிங் சதவீதத்தோடு 109 புள்ளி எடுத்துத் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. மறுசீசனில் காயங்களும் சேர்ந்துகொள்ள, பிளேஆஃபே இல்லை.

ஒரு தனி வீரருக்கும் இதே விதியா?

வீரர்களிடையே திறன் வேறுபாடு அதிகம் என்பதால் சற்றுத் தளர்வான விதி. டிரைசைட்டில் போன்றவர் 18 சதவீதத்தை ஒட்டிப் பல சீசன்கள் ஆடுகிறார். ஆனால் வில்லியம் கார்ல்சன் 2017-18-இல் 184 ஷாட்டில் 43 கோல் போட்டார், 23 சதவீதத்துக்கு மேல். அடுத்த சீசனில் 14 சதவீதம், 24 கோல். 14 என்பதும் நல்ல சதவீதமே. மறுபடியும் சொல்கிறேன்: சராசரியை நோக்கித் திரும்புவது தண்டனை அல்ல.

ஃபீல்டு ஹாக்கித் தொடருக்கும் இதைப் பயன்படுத்தலாமா?

ஏழெட்டு ஆட்டங்களில் முடிந்துவிடும் தொடருக்கா? அங்கே வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல், பெனால்டி கார்னர் வேறு, கணக்கே தனி.

பக் கம்பத்தில் பட்டுத் திரும்பினால் அது கோலை நோக்கிய ஷாட்டாகச் சேருமா?

சேராது.