பழைய பிக்கப்பும் முன்னவர் இழுத்த ஒயரும்

கேள்வி: அண்ணா, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்ற பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்கி நான்கு மாதம் ஆகிறது. இடது இண்டிகேட்டர் போட்டால் பின்னால் சிவப்பு லைட்டும் கூடவே சிமிட்டுகிறது. ராத்திரி லைட் போட்டு ஓட்டினால் டேஷ்போர்டுக்கு அடியில் கருகல் வாசம். ஒன்றரை நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை, பேட்டரியோ புதுசு. முழு ஒயரிங்கையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆகணுமா?

பதில்: தம்பி, கருகல் வாசத்தை முதலில் பார்ப்போம். மற்ற இரண்டும் நாலு நாள் பொறுக்கும், இது பொறுக்காது. இதைச் சரிபண்ணும்வரை ராத்திரி லோடுக்குப் போகாதீர்கள். நிறுத்தியதும் பேட்டரியின் மைனஸ் கிளாம்பைக் கழற்றி வையுங்கள். நாமக்கல் பக்கம் முப்பது வருஷமாக ஒயரிங் வேலை பார்க்கிறேன். வைக்கோல் ஏற்றிய ஒரு வண்டி இதே வாசத்தோடு என் பட்டறைக்கு வந்தது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால், பத்து ஆம்பியர் ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். பின்னாலேயே ஒயரின் தோல் உருகி, பக்கத்து ஒயரோடு ஒட்டிக் கிடந்தது. டிரைவர் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் உங்கள் ஃபியூஸ் பெட்டி மூடியைத் திறந்து, மூடியில் உள்ள படத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் பச்சை இருந்தால், அந்தத் தடத்தில் அடிக்கடி ஃபியூஸ் போயிருக்கிறது, முன்னவர் காரணத்தைத் தேடாமல் பெரிசாகப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. அதைப் பெரிசாக்கினால் அடுத்து உருகப்போவது ஒயர்தான்.

அடுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனி ஒயர் மெல்லிசாக, ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் கோடு போட்டு, ஒரே கட்டாக கிளிப்பில் உட்கார்ந்திருக்கும். இதற்கு வெளியே தொங்குவதெல்லாம் பிறகு வந்தது. வீட்டு ஸ்பீக்கருக்கு இழுக்கும் இரட்டை ஒயர், கறுப்பு டேப் சுற்றிய முடிச்சு, எங்கேயும் போகாமல் அறுந்து நிற்கும் நுனி. ஒரு முடிச்சைப் பிரித்துப் பாருங்கள். டேப் பசை இளகி விரலில் ஒட்டும். உள்ளே செம்பு இழைகள் முறுக்கி விட்டபடியே பச்சை பூத்திருக்கும். அந்த இடத்தில்தான் சூடேறுகிறது, அந்த வாசம்தான் உங்களுக்கு வருகிறது. இப்படிச் சேர்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கழற்றிவிட்டுத்தான் ரிப்பேரைத் தொடங்க வேண்டும். ஏர் ஹாரனோ, எல்இடி பட்டையோ, பாட்டுப்பெட்டியோ, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அறுத்த கம்பெனி ஒயரை அதே கனமுள்ள ஒயரால் சேர்த்து, இணைப்பின் மேல் உலோக ஸ்லீவை மாட்டி நல்ல கிரிம்பிங் பிளேயரால் அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூட்டில் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) போட்டுச் சுடவையுங்கள். இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் சென்சாருக்கும் போகும் ஒயர்களில் மட்டும் டெஸ்ட் லேம்ப் (கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் பல்பு ஊசி) குத்தவே கூடாது, அங்கே வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மல்டிமீட்டர்தான்.

எங்கேயோ பாடியில் உரசி ஷார்ட் ஆகிறது, இடம் தெரியவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. அந்த ஃபியூஸைப் பிடுங்கி, அது செருகியிருந்த இரண்டு முனைக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஒயர் வைத்து மாட்டுங்கள். அந்தத் தடத்து பல்புகளைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை இந்த பல்பு முழு வெளிச்சமாக எரியும். இரண்டு ஆம்பியர்கூடப் போகாது என்பதால் ஒயர் கருகாது. இப்போது கப்ளர்களை (ஒயர்கள் சேரும் பிளாஸ்டிக் இணைப்புகளை) ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒயர்க்கட்டை அங்கங்கே அசைத்து வாருங்கள். எங்கே பல்பு அணைகிறதோ அங்கே டேப்பைப் பிரியுங்கள். பத்து ஃபியூஸை எரிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

சிவப்பு லைட் சேர்ந்து சிமிட்டுவது எர்த் கோளாறு, அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பில் குறை. இடது பின் லைட்டில் எல்லா பல்புக்கும் எர்த் ஒன்றுதான். அது துருப்பிடித்து விட்டுப்போனால், இண்டிகேட்டர் கரண்ட் திரும்ப வழியில்லாமல் பக்கத்து டபுள் பாயிண்ட் பல்பின் (உள்ளே இரண்டு இழை உள்ள சிவப்பு லைட் பல்பு) இழை வழியாகப் பின்னோக்கி ஓடும். அதுதான் அந்தச் சிமிட்டல். லைட் எரியும்போதே மீட்டரின் ஒரு முனையை ஹோல்டர் எர்த்திலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சேஸில் அந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டு, ஒயர் நுனியில் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) வைத்து முறுக்குங்கள்.

பேட்டரி இறங்குவதற்கு: சாவியை எடுத்து, கதவைச் சாத்தி, மைனஸ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே கோருங்கள். அரைமணி நேரம் விடுங்கள், கம்ப்யூட்டர் அடங்கட்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் குறையில்லை. ஒரு ஆம்பியர் காட்டினால் 36 மணி நேரத்தில் 36 ஆம்பியர் அவர் காலி; 75 ஆம்பியர் அவர் பேட்டரியில் ஏறக்குறைய பாதி. இந்த நிலையில் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எதில் குறைகிறது என்று பாருங்கள். எதிலும் குறையவில்லையா? அநேகமாக பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேராக இழுத்த ஒயர் ஒன்று இருக்கும். முன்னவர் மாட்டி மறந்த திருட்டு அலாரமோ ஆம்ப்ளிஃபயரோ அதன் மறுமுனையில் கிடைக்கலாம்.

முழு ஒயரிங் மாற்றணுமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். தோல் மொறமொறவென்று உதிர்ந்தாலோ, பல ஒயர் ஒன்றாக உருகி ஒட்டியிருந்தாலோ அந்தப் பகுதியை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: அதே வண்டிக்கு 100/90 வாட் பல்பு போடலாமா? ராத்திரி ரோடு சரியாகத் தெரியவில்லை.

பதில்: வேண்டாம் தம்பி. டிம்மில் இப்போதுள்ள 55 வாட் பல்பு இரண்டுக்குச் சுமார் 9 ஆம்பியர் போகும், நீங்கள் சொல்லும் பல்பின் டிம் 90 வாட் என்றால் 15. பழைய சுவிட்சும் ஒயரும் தாங்காது. முதலில் பல்பு ஹோல்டரில் எத்தனை வோல்ட் வருகிறதென்று இன்ஜின் ஓடும்போது பாருங்கள். பேட்டரியில் 14 இருந்து ஹோல்டரில் 12 வந்தால் வழியில் இரண்டு வோல்ட் போகிறது. ரிலே (சின்ன கரண்டில் இயங்கி பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்று வைத்து, அதில் எண் போட்டிருக்கும் கால்களில் 30-ஆம் காலுக்கு ஃபியூஸ் போட்டு பேட்டரியிலிருந்து ஒயர் இழுங்கள், 87 பல்புக்கு, 85-க்கு எர்த், பழைய சுவிட்ச் ஒயர் 86-க்கு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. பழைய பல்பே பளிச்சென்று எரியும்.