வங்கி சரி என்றால் வீடும் சரியா?

கேள்வி: மேற்கு தாம்பரத்தில் அரை கிரவுண்டில் 1986-இல் கட்டிய தனி வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். கீழே இரண்டு பெட்ரூம், மாடியில் பிற்பாடு கட்டிய ஓர் அறை. விலை 85 லட்சம். கையில் 27 லட்சம் இருக்கிறது. வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்தார். 68 லட்சம் வரை கடன் கிடைக்கும் என்கிறார்கள். பெயின்ட் அடித்து, 2 லட்சத்துக்குச் சில்லறை வேலை பார்த்தால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். தனியாக ஓர் இன்ஜினீயரை வைத்துப் பார்க்க வேண்டுமா சார்? வீண் செலவு என்கிறார் என் கணவர்.

பதில்: வேண்டும், சகோதரி. முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். ஏன் என்று உங்கள் கணக்கிலிருந்தே சொல்கிறேன்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பில் 80% வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனால்தான் 68 லட்சம். மீதி 17 லட்சம் உங்கள் கையிலிருந்து. பத்திரச் செலவு இந்த 80 சதவீதத்துக்குள் வராது; அதுவும் கைக்காசுதான். தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%. 85 லட்சத்துக்கு 7.65 லட்சம். ஆக 24.65 லட்சம் போய்விட்டது. மிச்சம் 2.35 லட்சம். புரோக்கர் கமிஷன், வக்கீல், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், சாமான் மாற்றும் செலவு எல்லாம் போனால் ஒரு லட்சம் மிஞ்சினாலே பெரிது. (50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வீட்டுக்கு 1% டிடிஎஸ் (விற்பவரின் வருமான வரிக்காகப் பிடிக்கும் பணம்) கட்ட வேண்டுமே என்று பயப்படாதீர்கள். அதை விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் பிடித்துத்தான் கட்டப் போகிறீர்கள்.)

அதாவது, வீட்டுக்காரர் சொல்லும் அந்த 2 லட்சமே உங்களிடம் இருக்காது. அவர் சொன்னது தப்பாகி, வேலை 7 லட்சத்துக்குப் போனால்? இதுதான் என் கவலை.

வங்கி மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டாரே என்று நீங்கள் நிம்மதியாக இருப்பது புரிகிறது. அவர் வங்கிக்காக வந்தவர். நீங்கள் தவணை கட்டாமல் போனால் இதை விற்று எவ்வளவு தேறும் என்பதுதான் அவர் பார்க்க வேண்டியது. ஏறக்குறைய 40 வயது வீட்டில் விலையின் பெரும்பங்கு மனைக்குத்தான். 1,200 சதுர அடி மண் இருக்கும்வரை வங்கிக்குப் பயமில்லை. கூரைக்குக் கீழே படுத்துத் தூங்கப் போவது நீங்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. 2009-இல் நான் ஒரு பழைய வீடு வாங்கினேன். உள்ளே போனதும் புது பெயின்ட் வாசனை. எல்லாம் பளிச்சென்று இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை சமையலறைக் கூரையிலிருந்து முறம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து அடுப்பு மேடையில் விழுந்தது. அரை மணி நேரம் கழித்து விழுந்திருந்தால் என் மனைவி அங்கே நின்றிருப்பார். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். கம்பி வெளியே தெரிந்தது. விரலால் சுரண்டினால் மரப்பட்டை மாதிரி துரு அடுக்கடுக்காக உதிர்ந்தது. அந்த வருடம் மகளின் கல்லூரிக்கு வைத்திருந்த பணம் கூரைக்குப் போனது. நகையை அடகு வைத்துத்தான் கட்டணம் கட்டினோம்.

பழைய கான்கிரீட்டில் நடப்பது இதுதான். புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. அப்புறம் ஈரம் பட்டால் துரு பிடிக்கும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் கம்பி உப்பி, கான்கிரீட்டை வெளியே தள்ளிவிடுகிறது. எனவே கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல் தெரிந்தால், அதைப் பட்டி பார்த்து மறைக்கிற விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூரையையும் சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல இடம் ‘ணங்’ என்னும். விட்டுப்போன இடம் ‘பொத்’ என்று பொள்ளலாகக் கேட்கும். சந்தேகம் வந்தால் கம்பி எவ்வளவு கெட்டிருக்கிறது, கான்கிரீட் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று கருவி வைத்துச் சோதிக்கலாம்.

மொட்டை மாடிக்குப் போய்த் தட்டோட்டின் இடுக்குகளைப் பாருங்கள். அடியில் தண்ணீர் இறங்காமலிருக்கப் போட்ட செங்கல் ஜல்லிச் சுருக்கி அடுக்கு பழுதாகிவிட்டால் தண்ணீர் நின்று நின்று கூரைக்குள் இறங்கும். சிலர் அதை எடுக்காமல் மேலேயே இன்னொரு அடுக்கு டைல்ஸ் போட்டிருப்பார்கள். கசிவு நிற்பதில்லை, பாரம்தான் ஏறும். மாடி அறைக்கு பிளான் அனுமதி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். அனுமதி இல்லையென்றால் அந்த அறைக்கு நீங்கள் காசு கொடுக்கக் கூடாது. கீழ்ச்சுவரும் அஸ்திவாரமும் அந்தப் பாரத்தைத் தாங்கும்படி கட்டியவையா என்பதையும் இன்ஜினீயர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் பகுதிக்கு இன்னொன்று உண்டு. தெருவிலிருந்து வீட்டுக்குள் ஏறிப் போகிறீர்களா, இறங்கிப் போகிறீர்களா? பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, சென்னைப் புறநகரில் எத்தனையோ வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் என்ன செய்தது என்று தெரியும். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள், தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று. ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்துகிறார்கள்தான். ஆனால் லட்சக்கணக்கில் ஆகும் செலவு அது.

வயரிங் பற்றிச் சுருக்கமாக: பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளும் எர்த் இல்லாத பிளக்குகளும் இருந்தால் முழுக்க மாற்றத்தான் வேண்டும். இரண்டு ஏசியை அது தாங்காது. நிலைக்கதவின் அடிப்பக்கத்தைச் சாவியால் குத்திப் பாருங்கள், கரையான் அரித்திருந்தால் உள்ளே போகும்.

இன்ஜினீயருக்கு 15,000 ரூபாய் ஒதுக்குங்கள், சோதனைக்குக் கூடுதலாகும். அவரிடமிருந்து எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, அதை வைத்து விலை பேசுங்கள். இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. 6 லட்சம் குறைத்து 79 லட்சத்துக்கு முடித்தால் 6 லட்சமும் உங்கள் கையில் நிற்காது. கடனும் 63.2 லட்சமாகக் குறையும். உங்கள் பங்கு, பத்திரச் செலவு இரண்டும் சேர்த்துக் கையில் மிச்சமாவது சுமார் 1.74 லட்சம்தான். கடனில் குறைவது 4.8 லட்சம். 8.5% வட்டி, 20 வருடம் என்றால் தவணை 59,000-லிருந்து 54,850 ஆகும். எனவே, வாங்கும்போதே அந்த 4.8 லட்சத்தை வீட்டுப் பராமரிப்புக் கடனாகத் தர முடியுமா என்று அதே வங்கியில் எஸ்டிமேட்டைக் காட்டிக் கேளுங்கள். பல வங்கிகள் தருகின்றன. குடிவந்த பிறகு அவசரத்துக்குப் பர்சனல் லோன் வாங்கினால் வட்டி உங்களை வாட்டிவிடும்.

வீட்டுக்காரர் விலையைக் குறைக்க மாட்டேன் என்று நின்றால், கம்பி கெட்டிருக்கும் பட்சத்தில் இந்த வீட்டை விட்டுவிடுங்கள். உங்கள் 27 லட்சத்துக்கு அந்தச் சுமை ஆகாது. ஒத்துக்கொண்டால், ஒப்பந்தத்தில் முன்பணத்தைச் சிறிதாக வைத்து, ‘இனி செய்யும் கட்டுமானப் பரிசோதனையில் பெரிய பழுது தெரிந்தால் முன்பணம் முழுதும் திரும்பத் தரப்படும்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

இன்ஜினீயரைக் கூட்டிப் போகும்போது உங்கள் கணவரையும் கூட்டிப் போங்கள். சுத்தியல் சத்தத்தை அவரும் கேட்கட்டும். மழை பெய்த மறுநாள் காலையாக இருந்தால் இன்னும் நல்லது.