போரில் நடந்த அக்கிரமத்தை வீரர்கள் பணியில் இருந்தபோதே ஏன் சொல்வதில்லை?

ராயபுரத்திலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: ஓய்வு பெற்ற பிறகு வாய் திறப்பது கோழைத்தனம் இல்லையா?

பணியில் இருந்தபோதே சொன்னவர்களும் உண்டு. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் பொதுமக்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அமெரிக்கக் கணக்கில் 347 பேர், வியட்நாம் கணக்கில் 504 பேர். ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன் படையினருக்கும் கிராமத்தாருக்கும் நடுவே தரையிறங்கி, மிஞ்சியவர்களில் சிலரைக் காப்பாற்றினார். அன்றே மேலதிகாரிகளிடம் புகாரும் செய்தார். அதை மூடி மறைத்தார்கள். புகாரை வாங்குகிறவரே சம்பந்தப்பட்டவராக இருந்தால் வேறென்ன நடக்கும்? படையிலிருந்து வெளியேறிய ரொனால்ட் ரைடன்ஹவர் 1969இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதிய பிறகே முறையான விசாரணை வந்தது. தண்டனை பெற்றது ஒரே ஒரு லெப்டினன்ட்.

நம் ராணுவ விதிகளும் அனுமதியின்றிப் பத்திரிகையிடம் பேசத் தடை விதிக்கின்றன. அதைவிடப் பெரிய தடை, உடனிருந்தவனைக் காட்டிக்கொடுக்கும் கூச்சம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு ஹவில்தார் காசிமேட்டு மீன் விலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். போர் என்றதும் டீ டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

ஓய்வுக்குப் பிறகும் நிம்மதி கிடையாது. வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய ஜான் கெர்ரி, அங்கு நடந்த அக்கிரமங்களைப் பற்றி 1971இல் அமெரிக்க செனட் குழு முன் சாட்சியம் அளித்தார். 2004 அதிபர் தேர்தலில் அவர் வேட்பாளராக நின்றபோது, அந்தச் சாட்சியத்தை வைத்தும் சில முன்னாள் வீரர்கள் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். கோழைக்கு இந்த வேலை எதற்கு?