பேங்க் கேரண்டியா, ஷ்யூரிட்டி பாண்டா?

கேள்வி: திருவொற்றியூரில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். மணலியில் ஒரு பொதுத்துறை நிறுவனத்திடமிருந்து 1.20 கோடி ரூபாய் சப்ளை ஆர்டர் வந்திருக்கிறது. ஆர்டரை ஒழுங்காக முடிப்பேன் என்பதற்கு உத்தரவாதமாக 5% பெர்ஃபாமன்ஸ் கேரண்டி, அதாவது 6 லட்சத்துக்கு, 18 மாதம் தர வேண்டும். அடமானம் வைக்கச் சொத்து இல்லாததால், பேங்க் கேரண்டி கொடுக்க முழுத் தொகைக்கும் எஃப்.டி. போடச் சொல்கிறது வங்கி. கமிஷன் ஆண்டுக்கு 2%. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்று ஷ்யூரிட்டி பாண்டுக்கு, அதாவது எனக்காக ஜாமீன் நிற்கும் பத்திரத்துக்கு, ஆண்டுக்கு 3% கேட்கிறது. மனைவியின் நகையை 12% வட்டிக்கு வைத்து, 7% எஃப்.டி. போட்டுவிடலாமா?

பதில்: நகையை இப்போதைக்கு எடுக்காதீர்கள். 2%-ஐயும் 3%-ஐயும் மட்டும் பார்த்தால் வங்கிதான் மலிவு. ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை.

வங்கிக் கமிஷன் 18 மாதத்துக்கு 18,000 ரூபாய். நகைக்கடனுக்கு 12% கட்டி, எஃப்.டி.யில் 7% வாங்கினால் ஆண்டுக்கு 5% கையை விட்டுப் போகிறது. 6 லட்சத்துக்கு ஒன்றரை ஆண்டில் அது 45,000. ஆக மொத்தம் 63,000. ஷ்யூரிட்டி பாண்டுக்குப் பிரீமியம் 27,000தான். இரண்டுக்குமே 18% ஜி.எஸ்.டி. உண்டு. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவர் என்றால் பொதுவாக அதை இன்புட் கிரெடிட்டாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் டெபாசிட் கேட்கிறதா என்று விசாரியுங்கள். பாதித் தொகைக்குக் கேட்டால்கூட 22,500 கூடி, செலவு 49,500 ஆகிவிடும். அப்புறம் லாபம் கொஞ்சம்தான்.

இன்னொன்றை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரில் இன்ஷூரன்ஸ் இருந்தாலும் இது உங்களுக்கான பாதுகாப்பு அல்ல. கம்பெனி உங்களுக்காக ஜாமீன் நிற்கிறது, அவ்வளவுதான். நீங்கள் சரக்கைக் கொடுக்காமல் போய், அவர்கள் 6 லட்சத்தைக் கட்ட நேர்ந்தால், அதை உங்களிடமே வசூலிப்பார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே ஜாமீன்தாரருக்கு அந்த உரிமையைத் தருகிறது. போதாததற்குத் தனியாக ஒரு பத்திரத்திலும் கையெழுத்து வாங்குவார்கள். அதில் மனைவியையும் கையெழுத்துப் போடச் சொன்னால், அவரை உட்காரவைத்து முழுதும் படித்துக் காட்டிய பிறகு போடச் சொல்லுங்கள். பட்டறைக் கடனுக்குப் போட்ட கையெழுத்தால் வீடே ஆட்டம் கண்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

18 மாதம் எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். சப்ளைக்கு 4 மாதம், வாரண்டி 12 மாதம், அதற்கு மேல் 60 நாள் என்று இருக்கலாம். சப்ளை தள்ளிப்போனால் பாண்டையும் நீட்டிக்க வேண்டும். நீட்டிப்புக்கு என்ன பிரீமியம் என்று இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

சரி, அந்த நிறுவனம் ஷ்யூரிட்டி பாண்டை ஏற்குமா? 2022 பிப்ரவரியில் மத்திய அரசின் பொது நிதி விதிகளில் இதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் பொதுத்துறை நிறுவனங்களுக்கு அவரவர் கொள்முதல் விதி உண்டு. 'பேங்க் கேரண்டி மட்டும்' என்று உங்கள் ஆர்டரில் இருந்தால், பிரீமியம் கட்டி வாங்கிய பாண்டு பயன்படாது. இந்த வாரமே மணலிக்குப் போய் பாண்டை ஏற்பார்களா என்று கேட்டு பர்சேஸ் பிரிவில் கடிதம் கொடுங்கள். அவர்கள் பாண்டு வேண்டாம் என்றால், கேரண்டிக்குப் பதிலாக ஒவ்வொரு பில்லிலும் 5% பிடித்துக்கொள்வார்களா என்று அதே கடிதத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் எழுத்தில் மறுப்பு வந்த பிறகு நகையைப் பற்றி யோசிக்கலாம்.