குடியை நிறுத்திவிட்டுத்தான் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போக வேண்டுமா? முதல் தடவை போனால் என்ன நடக்கும்?

தினமும் குடிப்பதாகவும், ஒரு வாரமாவது நிறுத்திக் காட்டிவிட்டு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏ.ஏ., குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டத்துக்குப் போகலாம் என்று இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால் என்ன செய்வது, மனைவியைக் கூட்டிப்போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் குடித்துக்கொண்டிருந்தவன்தான், இப்போது ஏ.ஏ.வில் இருக்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஒரு வாரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். காய்ச்சல் விட்டபிறகு டாக்டரிடம் போகிறேன் என்பது போல இருக்கிறது நீங்கள் சொல்வது. ஏ.ஏ.வில் சேர ஒரே தகுதி குடியை விட வேண்டும் என்ற விருப்பம்தான். விட்டிருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. இது தொடங்கிய கதையே அப்படித்தான். 1935 மே மாதம், அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊர். வியாபார விஷயமாக வந்து காரியம் கெட்டுப்போய் ஓட்டல் வரவேற்பறையில் நிற்கிறார் பில், ஏ.ஏ.வை ஆரம்பித்த இருவரில் ஒருவர், அப்போது குடியை விட்டிருந்தவர். ஒரு பக்கம் பாரில் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். இன்னொரு குடிகாரரோடு பேசினால்தான் தான் தப்பிப்போம் என்று தோன்றி, டைரக்டரியைப் பார்த்து பாதிரியார்களுக்குப் போன் போடுகிறார். அப்படிக் கிடைத்தவர்தான் இன்னொருவரான டாக்டர் பாப். அன்றைக்கு அவர் வர முடியவில்லை, காரணம் போதை! மறுநாள் தலைவலியோடு வந்தவர், கால் மணி நேரம்தான் என்று சொல்லி உட்கார்ந்து, மணிக்கணக்கில் பேசினார். அதற்கப்புறமும் ஒரு தடவை குடித்துவிட்டு, ஜூன் 10-ல்தான் கடைசியாக நிறுத்தினார். ஏ.ஏ. அந்தத் தேதியைத்தான் தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. ஆரம்பித்தவரே அப்படி வந்திருக்கும்போது நீங்கள் எதற்குச் சுத்தமாகிவிட்டு வர வேண்டும்?

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையோடு போய்விட்டால் சரி. சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும், அப்புறம் மனம் குழம்பி இல்லாத உருவமெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். கூட்டம் அந்த வைத்தியத்துக்கு மாற்று இல்லை, இரண்டும் வேண்டும்.

இடம் கண்டுபிடிப்பது எளிது. ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தைப் பார்த்து உங்கள் ஊருக்கான எண்ணில் கூப்பிடுங்கள். பெரும்பாலும் எடுப்பவரே முன்னாள் குடிகாரராகத்தான் இருப்பார், முழுப்பெயர் கேட்க மாட்டார். "தனியாக வரத் தயக்கமாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், பஸ் ஸ்டாப்புக்கே வந்து கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது, அங்கேயும் கேட்கலாம்.

பல கூட்டங்கள் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூட அறையிலோ நடக்கும். மதம் மாற்றுகிறார்களோ என்று நம் ஊரில் உடனே ஒரு சந்தேகம் வரும். இடம் வாடகைக்கு, அவ்வளவுதான். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் வழியான பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், ஆனால் நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோமோ அந்தக் கடவுள். எங்கள் குழுவில் ஒரு கறுப்புச் சட்டைக்காரர் இருக்கிறார், "எனக்கு மேலான சக்தி இந்த ரூமில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்" என்பார், யாரும் மறுத்ததில்லை.

உள்ளே போனால் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் படிகள் அச்சடித்த துணி, பேப்பர் கப்பில் டீ. கொஞ்ச நேரம் மௌனம், ஒரு வாசிப்பு, அப்புறம் ஒவ்வொருவராக "என் பெயர் இது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையை மட்டும் சொல்வார்கள். குறுக்கே யாரும் பேச மாட்டார்கள், அறிவுரை கிடையாது (வீட்டில் கேட்டுக் கேட்டு உங்களுக்குக் காது புளித்திருக்கும்). பேச வேண்டாமென்றால் "இன்றைக்குக் கேட்கத்தான் வந்தேன்" என்றால் போதும். குடித்துவிட்டு வந்திருந்தாலும் அமைதியாக உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள். கடைசியில் காணிக்கைப் பை வரும், புதியவர் போட வேண்டியதில்லை. எங்கள் கூட்டம் சாயங்காலம் ஏழு மணிக்கு. டாஸ்மாக் பக்கம் கால் தானாகத் திரும்புகிற நேரமும் அதுதான் என்பதால் எனக்கு ரொம்ப வசதி.

தெரிந்தவர் பார்த்தால்? பார்ப்பவரும் அங்கே அதற்காகத்தான் வந்திருப்பார். எனக்கு எதிர் நாற்காலியில் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியே உட்கார்ந்திருந்தார். இன்றுவரை கடையில் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும்தான்.

மனைவியைக் கூட்டிப்போவதென்றால் திறந்த கூட்டமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; மூடிய கூட்டத்தில் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும்தான் இடம். குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்று தனியாக இருக்கிறது, நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அவர் அதற்குப் போகலாம். ஒன்று மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள்: "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று வரும் விளம்பரத்தைப் பார்த்து எதையும் வாங்க வேண்டாம். குடியை விட வைப்பதற்காகக் கொடுக்கும் டைசல்பிரம் மாதிரி மருந்து உடம்புக்குள் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். அது டாக்டர் பார்வையில், உங்களுக்குத் தெரிந்து, உங்கள் சம்மதத்தோடு மட்டும் கொடுக்க வேண்டியது.