கால் இழுத்துப் பிடிக்கிறது, நானோ மருந்து கேட்குமா?

கேள்வி: ஐயா, நாங்கள் சுங்கை சிப்பூட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது, செம்பனைத் தோட்டத்தில் 30 வருஷம் குலை வெட்டியவர். இனிப்பு நீர் உண்டு, சிகரெட்டையும் விடவில்லை. கோயிலுக்கு நடந்தால் பாதி வழியிலேயே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, கொஞ்ச நேரம் நின்றால் விட்டுவிடுகிறது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர், ரத்தக் குழாய் அடைப்பைத் திறக்கும் 'நானோ' மாத்திரை என்று ஒரு டப்பா 180 ரிங்கிட்டுக்கு விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்மா. நானோ மருத்துவம் என்பது பொய்யில்லை, ஆனால் அது இன்னும் பாசார் மாலாமுக்கு வரவில்லை.

புது ரத்தக் குழாய் முளைக்கத் தூண்டும் புரதங்கள் உண்டு. ஊசியில் ஏற்றினால் ரத்தத்தில் சீக்கிரமே சிதைந்துவிடும். அதனால் மருந்தைத் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள உருண்டைக்குள் பொதிந்து அனுப்பிப் பார்க்கிறார்கள். ரத்தம் குறைந்த தசையில் குழாய்ச் சுவர் கொஞ்சம் கசியும், உருண்டை அந்த வழியாக உள்ளே போய் மருந்தை மெல்ல மெல்ல விடும். ஜப்பானில் கியூஷூ பல்கலைக்கழகத்தார் கொலஸ்ட்ரால் மருந்தான பிட்டவாஸ்டாட்டினை இப்படிப் பொதிந்து (தையல் போட்டால் தானே கரையும் நூல் இருக்கிறதே, அந்த வகைப் பொருளில்தான்) கால் தசையிலேயே ஊசியாகப் போட்டார்கள். முதலில் எலிக்கும் முயலுக்கும், அப்புறம் சில நோயாளிகளுக்கு. இன்னும் சோதனைக் கட்டம்தான், அதுவும் ஊசி, மாத்திரை இல்லை. டப்பாவில் எம்.ஏ.எல். என்ற அரசாங்க மருந்துப் பதிவு எண் இருக்கிறதே என்று அந்த ஆள் காட்டலாம். பாரம்பரிய மருந்துக்கும் அந்த எண் உண்டு, அதை வைத்து அடைப்பு திறக்கும் என்று அர்த்தமில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காலுக்குப் போகும் குழாய் சுருங்கியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. கவர்மெண்ட் கிளினிக்கில் சொல்லி, கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது. இனிப்பு நீர்க்காரர்களுக்குக் குழாய் கெட்டிப்பட்டு எண் பொய்யாகக் கூடிக் காட்டலாம், அப்போது கால் பெருவிரலில் அளப்பார்கள்.

சிகரெட்டை நிறுத்தாமல் எந்த மருந்தும் சரியாகக் கேட்காது, இதை அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். டாக்டர் சரி என்றால் வாரம் மூன்று நாளாவது நடக்கவிடுங்கள்: வலி வரும்வரை நடை, நின்று வலி போனதும் மறுபடி நடை, இப்படி அரை மணி நேரம். மூன்று மாதம் விடாமல் செய்தவர்கள் முன்பைவிடத் தூரம் நடக்கிறார்கள். அடைப்பு பெரிதாக இருந்தால் பலூன் சிகிச்சையும் பைபாஸும் இப்போதே இருக்கின்றன.

இன்னொன்று, அம்மாவிடம் கேளுங்கள்: அப்பா ராத்திரியில் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுக்கொள்கிறாரா? அப்படி என்றாலோ, விரல் கறுத்தாலோ, கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்தாலோ, அப்பாயின்மெண்ட் தேதி பார்க்காமல் உடனே ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.