அமெரிக்க ஜனாதிபதிக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர தினமும் என்னதான் வேலை?

"எல்லாவற்றையும் அதிகாரிகள் பார்த்துக்கொள்கிறார்கள், இவர் காலையில் நாலு கையெழுத்துப் போட்டுவிட்டு கோல்ஃப் ஆடப் போய்விடுவார், சும்மா இருக்கிற ஆளுக்கு இத்தனை பாதுகாப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் டிவியில் அவர் ஹெலிகாப்டரில் ஏறுவதையும் கையசைப்பதையும்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள், அதனால் அப்படித் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்தச் "சும்மா" என்கிற வார்த்தை இருக்கிறதே, அதைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. நான் இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று கமெண்ட்டில் வராதீர்கள். நான் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை, எனக்கு ஓட்டே கிடையாது. அந்தப் பதவியில் இருப்பவர் நல்லவரா கெட்டவரா என்பது வேறு கேள்வி, நீங்களும் அதைக் கேட்கவில்லை.

2009-ல் கல்யாணம் முடிந்து நியூ ஜெர்சிக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு எச்1பி என்கிற வேலை விசா, எனக்கு அவருடைய மனைவி என்பதால் எச்4 விசா. சென்னையில் மூன்று வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தவள். இங்கே வந்த பிறகு வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இல்லை, சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இல்லை. ஊரிலிருந்து யார் போன் பண்ணினாலும் ஒரே கேள்விதான்: "வீட்ல சும்மாதானே இருக்கே?" பெரியம்மா கேட்பார், நாத்தனார் கேட்பார், கூடப் படித்தவள் கேட்பாள். அவர்கள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் ஏழு வருடம் இதையே கேட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

2013-ல் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன், ஜனாதிபதி ஒபாமா தினமும் இரவு பொதுமக்கள் எழுதிய 10 கடிதங்களைப் படிக்கிறார் என்று. சரி, பத்தில் ஒன்று நம்முடையதாக இருக்கக் கூடாதா என்று தோன்றியது. மகள் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கையால் எழுதினால்தான் கண்ணில் படும் என்று நினைத்து, கோடு போட்ட நோட்டுத் தாளில் நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் முறை ரொம்ப அழுகையாக வந்தது. இரண்டாவது முறை விண்ணப்பப் படிவம் மாதிரி இருந்தது. கடைசியில் ஒன்றரைப் பக்கத்தில், நான் யார், என்ன படித்தேன், காலை எட்டரைக்கு எதிர்வீட்டுப் பெண் வேலைக்குக் கிளம்பும்போது நான் ஜன்னலில் நின்று பார்ப்பது, இதை மட்டும் எழுதினேன். உறையில் 1600 பென்சில்வேனியா அவென்யூ என்று வெள்ளை மாளிகையின் முகவரியை எழுதும்போது கை நடுங்கியது உண்மை.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. கெட்டியான வெள்ளை உறை. அதைப் பிரிக்காமல் மாலை வரைக்கும் அரிசி டப்பா மேல் வைத்திருந்தேன். உள்ளே அச்சடித்த ஒரு பக்கம், அடியில் கையெழுத்து. குடிவரவுச் சட்டத்தைச் சீர்திருத்த வேண்டியதைப் பற்றிப் பொதுவாக எழுதியிருந்தது. எச்4 என்ற சொல்லே இல்லை, ஜன்னலும் இல்லை. அன்றைக்கு அழுதேன். உங்களை மாதிரியேதான் நானும் நினைத்தேன், இந்த ஆளுக்கு இதைப் படிக்கக்கூட நேரமில்லை, அப்புறம் என்னதான் செய்கிறார் என்று.

அந்தக் கோபத்தில்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கையில் நேரம் இருந்தது, நூலகம் நடக்கிற தூரம்.

ஒபாமா காலத்தில் வெள்ளை மாளிகைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கடிதங்களும் மின்னஞ்சல்களும் வந்தன. 2001-ல் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் போட்ட கடிதங்கள் தபாலில் வந்த சம்பவத்துக்குப் பிறகு எந்தக் கடிதமும் நேராக உள்ளே போவதில்லை, வேறு இடத்தில் சோதித்த பிறகுதான் வரும். அதற்கென்றே ஓர் அலுவலகம், ஊழியர்கள், பயிற்சி மாணவர்கள், சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து வகை பிரிப்பார்கள். அதிலிருந்து சலித்துச் சலித்துப் பத்து எடுப்பார்கள். பாராட்டிய கடிதமாகப் பொறுக்கிக் கொடுப்பதில்லை, திட்டியவையும் உண்டு. மாலையில் அந்தப் பத்தும் மறுநாள் வேலைகளுக்கான தடிமனான கோப்புக்குள் போகும். அவர் ஆறரை மணிக்குக் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டு, மாடியில் ட்ரீட்டி அறை என்கிற அறையில் நள்ளிரவு தாண்டியும் தனியாக உட்கார்ந்து அந்தக் கோப்பைப் படிப்பார், சில கடிதங்களுக்குத் தன் கையாலேயே பதில் எழுதுவார். பத்தாயிரத்தில் பத்து. கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஆயிரத்தில் ஒன்று. அதன் பிறகு எனக்கு அந்த அச்சடித்த பதில் மேல் இருந்த வருத்தம் பாதி போய்விட்டது. ஜன்னலைப் பற்றி யாரோ ஒரு கல்லூரிப் பையனாவது படித்திருப்பான் இல்லையா.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜனாதிபதியின் நாளில் பெரும்பகுதி படிப்பதும், கேட்பதும், முடிவெடுப்பதும்தான். காலை வேலையில் முக்கியமானது உளவுத்துறை அறிக்கை. உலகத்தில் எங்கே என்ன ஆபத்து என்று ஒவ்வொரு நாளும் அவருக்காகவே தயாராகும் அறிக்கை அது. கென்னடிக்காக 1961-ல் சின்னதாக ஆரம்பித்து, 1964-லிருந்து பிரசிடென்ட்ஸ் டெய்லி ப்ரீஃப் என்கிற இன்றைய பெயரில் வருகிறது. ஒவ்வொருவர் ஒவ்வொரு விதம். ஜார்ஜ் புஷ், மகன் புஷ்ஷைச் சொல்கிறேன், காலையில் எதிரே ஆளை உட்கார வைத்து நேரில் கேட்பார், ஒபாமா டேப்லெட்டில் படிப்பார். 2001 ஆகஸ்ட் 6 அறிக்கையில் பின் லேடன் அமெரிக்காவுக்குள் தாக்கத் தீர்மானித்திருக்கிறார் என்ற தலைப்பு இருந்தது, அடுத்த மாதம் இரட்டைக் கோபுரம் விழுந்தது. ஒரு காலைப் பொழுதில் படிக்கிற காகிதத்துக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் துறைகளிலிருந்து முடிவுக்காக வரும் குறிப்புகள். ஒபாமாவுக்கு வரும் குறிப்பின் அடியில் சம்மதம், சம்மதமில்லை, பேசுவோம் என்று மூன்று கட்டங்கள் இருக்குமாம், டிக் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இதைத்தான் நீங்கள் "நாலு கையெழுத்து" என்கிறீர்கள். ஆனால் சுலபமான விஷயம் எதுவும் அந்த மேஜை வரைக்கும் போவதில்லை. சுலபமானதைக் கீழேயே யாராவது முடித்துவிடுவார்கள். இப்படிப் போனாலும் நஷ்டம், அப்படிப் போனாலும் நஷ்டம் என்கிறது மட்டும்தான் மேலே போகும். அதனால்தான் ஒபாமா சாம்பல் அல்லது நீல நிற சூட் மட்டும் போட்டுக்கொண்டார், காலையில் என்ன உடுத்துவது என்று யோசிக்கிற சக்தியைக்கூட மிச்சம் பிடிப்பதற்காக.

சட்ட மசோதா வந்தால் ஞாயிற்றுக்கிழமை நீங்கலாகப் பத்து நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். இன்னொரு வகைக் கையெழுத்தும் உண்டு. போரில் இறந்த வீரர்களின் குடும்பத்துக்குப் போகும் இரங்கல் கடிதம். போர்முனையில் தற்கொலை செய்துகொண்ட வீரருடைய பெற்றோருக்கு முன்பெல்லாம் அந்தக் கடிதம் அனுப்ப மாட்டார்கள். 2011 ஜூலையில்தான் அந்த வழக்கத்தை மாற்றினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு, உன் மகனும் நாட்டுக்காகத்தான் போனான் என்று சொல்கிற கையெழுத்து அது. அதைப் போய் வெறும் கையெழுத்து என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கோல்ஃப் உண்மைதான். ஜனாதிபதியாக இருந்த ஐசனோவர் 1954-ல் வெள்ளை மாளிகைப் புல்வெளியிலேயே பந்து தட்டிப் பழக இடம் போட்டுக்கொண்டார். ஆனால் எங்கே போனாலும் அணு ஆயுத உத்தரவுக்கான பெட்டியோடு ராணுவ அதிகாரி ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். அப்படி ஒரு லீவை நான் லீவு என்று சொல்ல மாட்டேன். சம்பளம் 2001-லிருந்து ஆண்டுக்கு 4,00,000 டாலர். குடும்பம் சாப்பிடும் சாப்பாட்டுக்கு மாதாமாதம் பில் வரும், சொந்தக் காசில்தான் கட்ட வேண்டும்.

தூக்கம் ஆளுக்கு ஆள் மாறும். 1960-களில் ஜனாதிபதியாக இருந்த லிண்டன் ஜான்சன் மதியம் பைஜாமா மாட்டிக்கொண்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு, எழுந்து குளித்து, இரண்டாவது ஷிப்ட் போல நடுராத்திரி வரை வேலை பார்ப்பார். 1920-களில் இருந்த கூலிட்ஜ் பகலிலும் நன்றாகத் தூங்குவார். எல்லோரும் ஒரே மாதிரி உழைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது 1977-லிருந்து 1981 வரை ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரின் நாட்குறிப்பு. அவர் எழுதிய டைரி இல்லை, ஊழியர்கள் நிமிடக் கணக்கில் குறித்த பதிவு. அவர் பெயரில் இருக்கிற ஜனாதிபதி நூலகம் அதை இணையத்தில் போட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தட்டச்சு செய்த பக்கம், இடது பக்கம் நேரம், பக்கத்தில் தொலைபேசிக்கு ஒரு சின்னக் கட்டம், இவர் கூப்பிட்டாரா இவருக்கு வந்ததா என்று ஓர் எழுத்து, பிறகு ஒரு வரி. பல நாட்கள் டெலிபோன் ஆபரேட்டர் எழுப்பிவிட்டார் என்றுதான் தொடங்கும், பொழுது சரியாக விடிந்திருக்காது. அடுத்த வரியில் ஓவல் அலுவலகத்துக்குப் போனார். அதற்குப் பிறகு வரிசையாக மனிதர்கள்.

அதில் 1981 ஜனவரி 20, அவருடைய கடைசி நாள். ஈரானில் 52 அமெரிக்கர்கள் 444 நாளாகப் பிணைக்கைதிகள். தேர்தலில் தோற்றாகிவிட்டது, மதியம் 12 மணிக்குப் பதவி போகிறது. அந்த மனிதர் கடைசி இரண்டு இரவும் படுக்கைக்குப் போகாமல் ஓவல் அலுவலகத்திலேயே போனும் கையுமாக இருந்தார், விடுதலைக்காக ஈரானுக்குத் திருப்பித் தர வேண்டிய பணம் வங்கிக்கு வந்ததா, விமானம் கிளம்பியதா என்று. விமானங்கள் டெஹ்ரானில் தயாராக நின்றன, ஆனால் விடவில்லை. அவரைத் தோற்கடித்த ரீகன் பதவியேற்ற சில நிமிடத்தில்தான் விட்டார்கள். பெயர் ரீகனுக்குப் போனது. கார்ட்டர் மறுநாள் ஜெர்மனிக்குப் பறந்துபோய் அந்த 52 பேரையும் பார்த்தார். நான் இதைப் படித்த அன்றைக்கு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஐந்து நிமிடம் தாமதமாகிவிட்டது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். நான் வேலைக்குப் போகாமல் இருந்த ஏழு வருடத்துக்கு ஜனாதிபதி காரணம் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். கிரீன் கார்டு, அதாவது இங்கே நிரந்தரமாக வாழ அனுமதி, கிடைத்தால்தான் நானும் வேலைக்குப் போக முடியும் என்ற நிலை அப்போது. அது தாமதமாகச் சட்டம் ஒரு காரணம், வேலை வழியாக வருகிறவர்களில் ஒரு நாட்டுக்காரர்களுக்கு வருடத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு இல்லை என்கிற உச்சவரம்பு அது. ஆனால் எங்கள் விஷயத்தில் பெரிய காரணம் வீட்டுக்காரரின் பழைய கம்பெனி. பெயர் வேண்டாம். எச்1பிக்கு ஆறு வருடம்தான் கெடு என்று தெரிந்தும், கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கிறோம், அடுத்த காலாண்டில், அடுத்த காலாண்டில் என்று மூன்று வருடம் இழுத்தார்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்று இவருக்கும் பயம். 2014-ல் வேறு கம்பெனிக்கு மாறிய பிறகுதான் காகிதம் நகர்ந்தது. விசாவில் வருகிற தம்பி தங்கைகளே, வேலையில் சேரும்போதே இதை எழுத்தில் வாங்குங்கள். "பொறுமையா இருங்க" என்று சொல்கிற மேனேஜரை நம்பாதீர்கள்.

2015 மே 26-லிருந்து, கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனுவுக்கு, அனுமதி கிடைத்திருந்தால் எச்4-ல் இருப்பவர் வேலை செய்யலாம் என்று விதி வந்தது. என் கடிதத்தால் வந்தது என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா, ஆயிரக்கணக்கான பெண்கள் பல வருடம் எழுதியும் போராடியும் வந்தது அது. ஆனால் அந்த மாதிரி ஒரு விதி ஒரு மேஜையைத் தாண்டித்தான் வர வேண்டும், அந்த மேஜையில் அன்றைக்கு எத்தனை காகிதம் இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். எங்கள் ஐ-140 2016-ல் வந்தது, அதன் பிறகு எனக்கு வேலை அனுமதி அட்டை வந்தது. முதல் நாள் வேலைக்குக் காலை எட்டரைக்குக் கிளம்பினேன். எதிர்வீட்டுப் பெண் காரை எடுத்துக்கொண்டிருந்தாள், கையசைத்தாள்.

கார்ட்டர் நாட்குறிப்புகள் 1977-லிருந்து 1981 வரை தேதி வாரியாக இருக்கின்றன. முதலில் அந்த 1981 ஜனவரி 20-ஐ எடுத்துப் படியுங்கள், ஆங்கிலம் எளிமையாகத்தான் இருக்கும். படித்துவிட்டு வந்து கமெண்ட்டில் சொல்லுங்கள், பேசுவோம்.